ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிள்ளையார் சுழி

கொம்பியூட்டர் ஒன்றுக்குப் பிள்ளையார் சுழி போட்டு அதைப் படுக்கையில் விழுத்தியவன் நான். வெளியே சந்தனம் பூசி ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். புதுச் சைக்கிளுக்கும் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கும் ஊரில் அதைத்தான் செய்கிறார்கள். நான் போட்டது உள்ளே. ஹார்ட் டிஸ்க்கின் முதலாவது இடத்தில், அங்கே ஏற்கெனவே இருந்த எழுத்தை எடுத்துவிட்டு. இதைச் செய்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. வேலணை வாசிகசாலையில் பகுத்தறிவைப் பற்றி இரண்டு தரம் பேசியிருந்தேன். இரண்டாம் தரம் கை தட்டினார்கள்.

அந்தக் கொம்பியூட்டர் என்னுடையதல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்பதுகள் முடிகிற காலம். ஜெர்மனியில் இருந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தன் அக்காவின் படிப்புக்கென்று கப்பலில் அனுப்பிவைத்தது. அவள் ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தீவுக் கரைகளில் ஒதுங்குகிற சாதாழை என்கிற கடற்புல்லை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டால் மண்ணுக்கும் மிளகாய்க் கன்றுக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் காலங்காலமாகப் போடுகிறார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அவள் அளந்தாள். நயினாதீவு, நெடுந்தீவு, வேலணைக் கரை என்று ஒவ்வொரு இடத்துச் சாதாழையையும் உரப்பையில் கொண்டுவந்து, கழுவி, காயவைத்து, நிறுத்து, கன்றுகளுக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கள் குசினிக்குப் பின்பக்கம் இரண்டு வருடமாகக் கடல் மணத்தது.

ஆய்வேடு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சமர்ப்பிக்க வேண்டிய திகதி ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. நாட்டு நிலைமை என்று எழுதிக் கொடுத்தால் ஒருமுறை தள்ளிவைப்பார்கள். இரண்டாம் முறை ஏலாது, பதிவே போய்விடும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இன்னும் ஒரு மாதமும் கொஞ்ச நாளும் இருந்தன. ஒரு கடைசிப் பயணம், ஒரு கடைசி அட்டவணை, அவ்வளவுதான் மிச்சம். இந்த நிலையில்தான் நான் உதவி செய்யப் புறப்பட்டேன்.

என்ன குறை என்று கேட்டால், அது ஜெர்மன் பேசியது. கொம்பியூட்டரை எழுப்பி வேலை செய்யவைக்கிற சிஸ்டம் என்று ஒன்று உண்டு. மச்சான் அனுப்பின பெட்டியில் இருந்த சிஸ்டம் ஜெர்மன் பாஷைக்காரர்களுக்காகச் செய்தது. ஏதாவது பிழை விட்டால் நீளமான ஒரு சொல்லால் கண்டிக்கும். விசைப்பலகையிலும் Y இருக்க வேண்டிய இடத்தில் Z இருந்தது. என் மனைவி முதல் வாரம் விளைச்சலுக்கான ஆங்கிலச் சொல்லை Z-இல் தொடங்கி அடித்தாள், பிறகு அவளுடைய விரல்கள் பழகிவிட்டன. பாஷையைப் பற்றியும் அவளுக்கு மனக்குறை இல்லை.

"அது மொத்தமா அஞ்சு வசனம்தான் கதைக்குது. அஞ்சையும் நான் பாடமாக்கிப்போட்டன்," என்றாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பிரதேச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். ஆங்கில நாவல்களைக் கண்மூடித்தனமாக வாசித்த ஆள். ருஷ்ய நாவல்களையும் ஆங்கிலத்தில் வாசித்து, பாத்திரங்களின் பெயர்களை வாசிகசாலையில் மூச்சு விடாமல் சொல்லக்கூடியவன். என் வீட்டு மேசையில் ஒரு பெட்டி எனக்குத் தெரியாத பாஷையில் கேள்வி கேட்பதும், மனைவி அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் இருப்பதும், நான் பின்னால் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பதும் ஒரு குடும்பத்துக்கு நல்லதல்ல என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணம் டவுனில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற நண்பர் ஒருவரிடம் ஆங்கிலச் சிஸ்டம் இருந்தது, அதுவும் புதியது. டிஸ்கெட் கொண்டுவந்தால் கொப்பி பண்ணித் தருவதாகச் சொன்னார். வீட்டில் மச்சான் அனுப்பின டிஸ்கெட் பெட்டி இருந்தது. கறுப்பாக, சதுரமாக, அப்பளம்போல வளையக்கூடிய டிஸ்கெட்டுகள் பத்து. அவற்றில் மூன்றில் என் மனைவி தன் அத்தியாயங்களைக் கொப்பி எடுத்து வைத்திருந்தாள். மிச்சம் ஏழு வெறுமையாக இருந்தன. ஏழு தாராளமாகப் போதும். நான் எண்ணிப் பார்க்காமல் பெட்டியோடு கொடுத்தேன். நண்பர் மேலேயிருந்து எடுத்தார். அவள் ஒழுங்கானவள், எழுதினவற்றை மேலேதான் வைத்திருந்தாள். இந்த விஷயம் அன்றைக்கு எனக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் இருக்கை கிடைத்தவனுடைய மடி அவனுக்குச் சொந்தமில்லை. நிற்கிறவர்களின் சாமான்களை இருக்கிறவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்பதுகூட இல்லை, கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். பண்ணைப் பாலம் தாண்டுகிறபோது என் மடியில் டிஸ்கெட் உறை, அதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடப் பை, அதற்கு மேல் மரவள்ளிக்கிழங்கு நிரம்பின ஒரு பனையோலை உமல். அல்லைப்பிட்டியில் ஒருவர் பலாப்பழம் ஒன்றோடு ஏறினார். என் மடியைப் பார்த்தார். நல்ல மனிதர், பலாப்பழத்தை உமலுக்கு மேல் வைக்காமல், உமலைக் கொஞ்சம் தள்ளி அதற்குப் பக்கத்தில் வைத்தார். டிஸ்கெட்டுகள் சரியாக அந்தப் பக்கத்தில் இருந்தன.

முதலாவது முயற்சி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி கிணற்றடியில் சாதாழை கழுவிக்கொண்டிருந்த நேரம். முதல் டிஸ்கெட்டைப் போட்டதும் திரையில் ஆங்கிலம் வந்தது. எனக்குச் சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. தொடரலாமா, ஓம் என்றால் Y அழுத்து என்றது. அழுத்தினேன். அசையவில்லை. பலமாக அழுத்தினேன். விசைப்பலகை ஜெர்மன், சிஸ்டம் ஆங்கிலம், ஆகவே Y என்று எழுதியிருக்கிற விசையை அழுத்தினால் உள்ளே Z போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் பிடித்தது. ஓம் என்று சொல்லவே இவ்வளவு பாடு.

இரண்டாவது டிஸ்கெட் பலாப்பழம் இருந்த இடத்து டிஸ்கெட். நாய் எலும்பு கடிக்கிற சத்தம் வந்தது, பிறகு வாசிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது, பிறகு எல்லாம் நின்றது. பெட்டியை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். இப்போது பாதிச் சிஸ்டம் ஆங்கிலம், பாதி ஜெர்மன். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, ஜெர்மனில் வேலை செய்ய மறுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்த மனைவி இதைப் பார்த்தாள்.

"பழையபடி ஆக்கிப்போடுங்கோ," என்றாள். அவளுக்கு அப்போதும் என்மேல் நம்பிக்கை இருந்தது. கலியாணம் முடித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

திரும்பவும் டவுனுக்குப் போய் அந்த ஒரு டிஸ்கெட்டை மட்டும் புதிதாக வாங்கினேன். இந்தமுறை ஒரு மடியையும் நம்புவதாக இல்லை. இருக்க இடம் இருந்தும் நின்றேன். பெரிய கடித உறை ஒன்றுக்குள் டிஸ்கெட்டை வைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலணை வரைக்கும் வந்தேன். பின்னால் நின்ற ஒரு ஐயா வழி முழுக்க அதைப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, எக்ஸ்ரேயோ தம்பி, நெஞ்சோ என்று விசாரித்தார். விளக்கம் சொல்லக் களைப்பாக இருந்தது, ஓம் என்றேன். அடுத்த நாள் விடிய பக்கத்து வீட்டு அக்கா ஒரு போத்தல் ஆட்டுப்பால் கொண்டுவந்து, நெஞ்சுக்கு நல்லதாம் என்று மதிலுக்கு மேலால் தந்தா. வாங்கிக் குடித்தேன். ஆட்டுப்பாலோடு வாதாட எனக்கு மனம் வராது.

இரண்டாவது முயற்சி நன்றாகத்தான் நடந்தது. டிஸ்கெட்டுகளை ஒன்றொன்றாகக் கேட்டது, நான் ஒன்றொன்றாகக் கொடுத்தேன், நாய் எலும்பு கடிக்கவில்லை. முக்கால்வாசி முடிந்ததும் கறண்ட் போனது. திரும்ப வந்தபோது அந்தப் பெட்டிக்கு ஆங்கிலமும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. சிஸ்டத்தைக் காணவில்லை என்று சொல்லிவிட்டுக் கறுப்பாக நின்றது.

அந்தக் கிழமை என் மனைவிக்குக் கடைசித் தடவையாக நெடுந்தீவுக்குப் போக வேண்டியிருந்தது. கூடப் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரின் வீடு அங்கே இருந்தது. ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் வள்ளத்தில் திரும்புவதாகத் திட்டம். பஸ் ஏறுகிறபோது திரும்பிச் சொன்னாள்:

"நான் வந்து பாக்கிறன். அதுவரைக்கும் அதைத் தொடாதையுங்கோ."

"நீர் பயப்பிடாமல் போயிட்டு வாரும்," என்றேன். இரண்டும் தனித்தனி வசனங்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

டவுன் நண்பர் கொப்பி பண்ணித் தந்தவற்றில் உபரியாக ஒரு புரோகிராமும் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே திறந்து, அதில் எந்த இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று காட்டும். விரும்பினால் மாற்றவும் விடும். வீட்டுக்குள் வாசலால் போகாமல் கூரை ஓட்டைக் கழற்றி இறங்குவது மாதிரி. டிஸ்கெட்டில் கொம்பியூட்டரை எழுப்பி அந்தப் புரோகிராமை ஓடவிட்டேன். பக்கம் பக்கமாகக் குப்பை. சிரித்த முகம், சீட்டுக்கட்டுச் சின்னம், இடையிடையே ஜெர்மன். நெடுக இறங்கிக்கொண்டே போனபோது திடீரென்று சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு வசனம்: நெடுந்தீவுச் சாதாழையில் உப்பின் அளவு. அவளுடைய வசனம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சிஸ்டம் ஏறினால் போதும்.

ஏன் ஏறவில்லை என்று கதிரையில் சாய்ந்து யோசித்தேன். நான் ஒரு லீவுக் கடிதம் எழுதினாலும் மேலே சுழி போடாமல் எழுதியதில்லை. கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும், மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்பவற்றுக்கு மேலே பிள்ளையார் நிற்பார். பகுத்தறிவைப் பற்றிய அந்த இரண்டு பேச்சுக்கும் குறிப்பு எழுதின கடதாசியின் தலைப்பிலும் நின்றார், அதை நான் மேடையில் மடித்துப் பிடித்திருந்தேன். என் வாழ்க்கையில் சுழி போடாமல் தொடங்கின ஒரே காரியம் இதுதான். இரண்டு தரமும் பிழைத்துவிட்டது. பகுத்தறிவும் அந்தக் காலத்துக் கறண்ட் மாதிரித்தான், நினைத்த நேரம் எல்லாம் இருந்ததில்லை.

அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து இல்லை, 'உ' போட வழியில்லை. கிட்டத்தட்ட அதே சத்தம் வருகிற U-ஐ எடுத்தேன். புரோகிராமில் ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பத்துக்குப் போனேன். முதலாவது இடம். அங்கே ஏதோ கிரேக்க எழுத்துப்போல ஒன்று நின்றது. அதற்கு அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. U என்று அழுத்தி, பதிவுசெய்தேன். கையைக்கூடக் கூப்பினேன் என்று நினைக்கிறேன்.

பிறகு மூன்றாவது முயற்சி. இந்தமுறை டிஸ்கெட் எனக்கு ஒரு வழியைக் காட்டியது: பழையது எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. எல்லாம் என்றால் ஜெர்மன்காரனுடைய எல்லாம் என்று எடுத்துக்கொண்டேன். ஓம் என்றேன், இப்போது சரியான விசையை அழுத்தி. அது ஒரு கணம் முனகிவிட்டு, இங்கே எனக்குத் தெரிந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இல்லை என்று சொல்லி நின்றது. திரும்பத் திரும்ப ஓம் என்றேன். திரும்பத் திரும்ப இல்லை என்றது. அதுவரையில் டிஸ்கெட்டில் எழுப்பினால் அவளுடைய ஃபைல்களின் பெயர்களாவது தெரிந்தன. இப்போது அதுவும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவள் இரண்டு உரப்பையோடு பஸ்ஸால் இறங்கினாள். தேத்தண்ணீர் குடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடிக்க முதல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சுழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. உரப்பையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாதாழையைக் கழுவினாள். பிறகு மேசைக்கு வந்து, கொம்பியூட்டரைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளைக் கடதாசியை எடுத்து வைத்து, முதலாம் அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து கையால் எழுதத் தொடங்கினாள். கொப்பி எடுத்த டிஸ்கெட்டுகள் எங்கே என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். நான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேலேயிருந்த மூன்றையும் பார்த்தாள். அவளுடைய சிறிய பென்சில் எழுத்துக்கு மேல் என் நண்பர் பேனையால் சிஸ்டத்தின் பெயரை எழுதியிருந்தார். அவற்றைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அன்றைக்கு நான்கு பக்கம் எழுதினாள். இருநூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு நாளும் நான்கு பக்கம் என்று போனால் திகதி எங்கே போய்ச் சேரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். அந்தப் பேனைச் சத்தம் மாதிரி ஒன்றும் உறைத்ததில்லை.

ஒரு கிழமை அப்படிப் போனது. பிறகு பள்ளிக்கூடத்தால் வந்து சொன்னாள், ஊர்காவற்றுறையில் ஃபாதர் ஒருவரிடம் கொம்பியூட்டர் இருக்கிறதாம், கோயில் செய்தித்தாளை அதில்தான் அடிக்கிறாராம், பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாராம்.

சனிக்கிழமை பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். இருக்க இடம் கிடைத்தது. பெட்டி என் மடியில். இரண்டு தரிப்பு தாண்டவில்லை, ஒரு அம்மா மீன் உமலைக் கொண்டுவந்து அதற்கு மேல் வைக்கக் குனிந்தா. என் மனைவி கையை நீட்டி உமலை வாங்கினாள்.

"இஞ்சை தாங்கோ அம்மா. அவரின்ர மடி ராசியில்லை."

ஊர்காவற்றுறை வரைக்கும் மீனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுச் சேலை.

ஃபாதருக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த, உயர்ந்த மனிதர். கொம்பியூட்டரைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு தடித்த புத்தகமும் நிறையப் பொறுமையும் இருந்தன. எங்கள் பெட்டியைத் தன் திரையோடு இணைத்து, தன்னுடைய டிஸ்கெட்டால் எழுப்பினார். ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டார். தெரியாது என்றது. புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, என் நண்பர் தந்ததைப் போன்ற ஒரு புரோகிராமை ஓடவிட்டு ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பத்தைத் திறந்தார். அதில் தெரிந்ததைத் துண்டில் எழுதிக்கொண்டார். பிறகு திரையைக் கழற்றித் தன்னுடைய கொம்பியூட்டரில் பூட்டி, அதன் ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பத்தைத் திறந்து துண்டோடு ஒப்பிட்டார். கூட்டத்தில் களவெடுத்தவனைத் தேடுகிறபோது களவெடுத்தவன் நிற்பது மாதிரி நின்றேன்.

"எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் கிடக்கு," என்றார். "முதலாவது எழுத்துத்தான் இடிக்குது. இது என்ன U?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"பிள்ளையார் சுழி, ஃபாதர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டை இன்னொருமுறை பார்த்தார். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. என் மனைவி யன்னல் பக்கம் திரும்பினாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பின்பக்கத்தால் தெரியவில்லை.

"கொப்பி ஒண்டும் எடுத்து வைக்கேல்லையோ ரீச்சர்?" என்று கேட்டார்.

"எடுத்தனான் ஃபாதர்," என்றாள் யன்னலைப் பார்த்தபடி. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகின மனிதர், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

திரையைத் திரும்ப எங்கள் பெட்டியில் பூட்டினார். U நின்ற இடத்துக்குப் போனார். தன்னுடைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் இருக்கிற எழுத்து என்ன என்று துண்டில் குறித்திருந்தார். விசையில் கையை வைக்கப் போனவர், கையை எடுத்துவிட்டார். கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார்.

"நீர் இதில வந்து இரும்."

நான் ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளையாரை ஃபாதர் அழிச்சவர் எண்டு ஊருக்குள்ள கதை வரக்கூடாது. போட்டவர் நீர். நீரே எடும்."

இருந்தேன். விசையில் விரலை வைக்கத் தயங்கினேன். U-ஐ எடுப்பதற்குப் பயம் என்று இல்லை, திரும்பவும் ஏதாவது பிழை செய்துவிடுவேனோ என்ற பயம். அவர் ஒவ்வொரு விசையாகச் சொன்னார், நான் அழுத்தினேன், அழுத்த முதல் ஒவ்வொரு தரமும் என் மனைவி குனிந்து என் விரல் எந்த விசையில் இருக்கிறது என்று பார்த்தாள். பதிவுசெய்தோம். பெட்டியை நிற்பாட்டி, அவருடைய டிஸ்கெட்டால் திரும்ப எழுப்பினோம். ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கின. முதலாம் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம், அட்டவணைகள், உசாத்துணை. என் மனைவி விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள், பள்ளிக்கூடத்தில் வரவு எடுக்கிற மாதிரி. எல்லாரும் வந்திருந்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தாள். பிறகு, கறண்ட் போக முதல் கொப்பி எடுப்பம் ஃபாதர் என்றாள்.

ஃபாதரின் டிஸ்கெட்டுகளில் கொப்பி எடுத்தோம். கறண்ட் போகவில்லை. நான்காம் அத்தியாயத்தின் நடுவில் மட்டும் ஒன்றரைப் பக்கம் பழுதாகியிருந்தது. மிளகாய்க் கன்றின் உயரம் பற்றிய அட்டவணைக்குள் ஜெர்மன் சிஸ்டத்தின் கண்டனங்கள் சில வந்து குந்தியிருந்தன. அதைத் திருத்தி அடிக்க அவளுக்கு ஒரு பின்னேரம் போதும்.

கொப்பி ஓடிக்கொண்டிருந்தபோது ஃபாதர் பேச்சுவாக்கில் கேட்டார், சுழி போட்ட பிறகு என்ன செய்தனீர் என்று. மூன்றாவது முயற்சியைச் சொன்னேன். எல்லாவற்றையும் வழித்துத் துடைக்கச் சொன்னதையும், திரும்பத் திரும்ப ஓம் என்றதையும், அது ஹார்ட் டிஸ்க் இல்லை என்று மறுத்ததையும் சொன்னேன். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மெல்லச் சிலுவை அடையாளம் போட்டார்.

"அந்த U அதில நிண்டதாலதான் அதுக்கு டிஸ்க் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தால் ரீச்சரின்ர ரெண்டு வருசமும் அண்டைக்கே போயிருக்கும். இதை நான் சொன்னதெண்டு வெளியில சொல்லாதையும்."

நான் வெளியில் சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? அவள் திகதிக்கு இரண்டு நாள் முந்திச் சமர்ப்பித்தாள், பட்டமும் கிடைத்தது. பெட்டியில் பழைய ஜெர்மன் சிஸ்டத்தை ஃபாதரே திரும்ப ஏற்றித் தந்தார். நானும் அந்த ஐந்து வசனத்தைப் பாடமாக்கினேன். ஆனால் இந்தக் கதையில் நான் ஒரு முட்டாளாக நிற்கத் தேவையில்லை என்பது ஃபாதரின் வாயாலேயே உறுதியாகிவிட்டதல்லவா. ஊர்காவற்றுறையிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே கதையை மனதுக்குள் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் சொன்னேன். வாசிகசாலையில் சொன்னேன். பகுத்தறிவைப் பற்றி மூன்றாவது தரம் பேசக் கூப்பிட்டபோது, எனக்கு அதில் இப்போது சில சந்தேகங்கள் இருக்கின்றன என்று மரியாதையாக மறுத்தேன். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் பலாப்பழமும் எக்ஸ்ரேயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கடைசியில் கதையில் நானும் பிள்ளையாரும் மட்டும் மிஞ்சினோம். ஒரு குறிப்பிட்ட கட்டத்தில், சுழியை நான் தெரிந்துதான் போட்டேன் என்கிற தொனிகூட வந்துவிட்டது.

பட்டம் கிடைத்ததற்கு வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு வைத்தோம். அவளுடைய பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், ஆட்டுப்பால் தந்த அக்கா, என் அலுவலகத்துக்காரர் இரண்டு பேர். எல்லாரும் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்த நேரம் பார்த்துத் தொடங்கினேன். நன்றாக வந்தது. வழிக்கப் போன சிஸ்டம், குறுக்கே நின்ற சுழி, இல்லை இல்லை என்று தோற்றுப்போய் நின்ற இயந்திரம். ஆட்டுப்பால் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டா. இருநூறு பக்கத்தையும் பிள்ளையார்தான் காப்பாற்றினார் என்று முடித்து, ஒரு மௌனமும் விட்டேன்.

என் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு குசினியால் வந்தாள். ஒவ்வொருவருக்காகக் கொடுத்து, கடைசியாக என்னிடம் வந்தாள்.

"பிள்ளையார் காப்பாத்தினது உண்மைதான்," என்றாள். "ஆரிட்டையிருந்து எண்டதையும் ஒருக்கா அவையளுக்குச் சொல்லுங்கோவன்."